வெளியே தெரியாத இரும்பு

ஊறுகாய் ஜாடிக்குள் கத்தரிக்கோலின் ஒரு பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

ஜாடியில் ஊறுகாய் இல்லை, பச்சைத் தண்ணீர் இருந்தது. குளத்துப் பாசியின் பச்சை அல்ல. இளம் வாழைக்குருத்தை வெயிலுக்கு எதிரே பிடித்தால் தெரியுமே, அந்தப் பச்சை. ஜாடியின் வாய்க்குக் குறுக்கே இரண்டு மூங்கில் குச்சிகள். ஒன்றில் நிக்கல் தகடு, மற்றதில் கத்தரிக்கோல். இரண்டிலிருந்தும் செப்புக் கம்பி இறங்கி, டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டைகளில் போய் முடிந்தது.

பச்சையம்மா அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். எங்கள் துணை சுகாதார நிலையத்தின் ஆயா அவள். பக்கத்துச் சிற்றூரான ஈச்சங்காட்டில் பிறந்தவள். என்னைவிட மூத்தவள். மலையில் யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்வதில்லை. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்று புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

"இன்னா நர்சம்மா, கத்திரிய ஊற வெச்சிக்கிற?"

"ஊற வைக்கல. முலாம் பூசறேன். துரு புடிக்காம இருக்கறதுக்கு."

"புடிச்சா இன்னா? எங்க வூட்டு அருவா முச்சூடும் துருதான். ஆடு தழை தின்ன மாட்டேன்னு சொல்லுதா?"

நான் சிரித்துவிட்டேன். பச்சையம்மா சிரிக்கவில்லை. அவள் கேட்டது நிஜமான கேள்வி.

தேதி பற்றி ஒரு வார்த்தை

போன வாரம் இந்தத் தொடரில் மலைக்கு முதல் பேருந்து ஏறிய ஆண்டை நான் தவறாக எழுதிவிட்டேன் என்று ஆலங்காயத்து வாசகர் ஒருவர் திருத்தியிருக்கிறார். விசாரித்துப் பார்த்தேன். அவர் சொல்வதே சரி. இந்த வாரம் எச்சரிக்கையாக இருக்கிறேன். எழுபதுகளின் பின்பாதி என்பதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன். பருவம் மட்டும் தெரியும். புளி உலுக்கி முடித்து, வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த சமயம். நடந்து போகிற வழியெல்லாம் புளி வாசம் வந்து நாக்கில் நீர் ஊறும்.

தேதி என்பது என் தொழிலில் தினமும் நடக்கிற சண்டை. பிறந்த நாள் என்ன என்று கேட்டால், "எங்க மாமன் தேன் எடுக்கப் போயி கையி வீங்கி வந்தான் பாரு, அன்னிக்கு" என்பார்கள். நான் மாமனைத் தேடிப் போய் அவர் கை வீங்கிய நாளைக் கேட்பேன். அவர், "கொயந்த பொறந்துச்சே, அன்னிக்குத்தான்" என்பார்.

பக்கிள் வீடு

நான் பிறந்தது வாணியம்பாடி. தோல் ஊர். எங்கள் வீட்டுக்குத் தெருவில் 'பக்கிள் வூடு' என்று பெயர். பெல்ட்டுக்கும் செருப்புக்கும் பைக்கும் வைக்கிற பக்கிள்களை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். நைனா அவற்றுக்கு வீட்டுக் கொல்லையிலேயே நிக்கல் முலாம் பூசிக் கொடுப்பார்.

மற்ற வீட்டுப் பெண்கள் பூத் தொடுத்த வயதில் நானும் அக்காவும் பக்கிள் தொடுத்தோம். மெல்லிய செப்புக் கம்பியில் ஒன்றையொன்று தொடாமல் கோக்க வேண்டும். தொட்டால் தொட்ட இடத்தில் முலாம் ஏறாது. முதலில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்போம். பிறகு ஆசிட். பிறகு தண்ணீரில் முக்கித் தூக்கிப் பார்ப்பது.

இந்தப் பார்ப்பதுதான் தொழில். சுத்தமான உலோகத்தின் மேல் தண்ணீர் ஒரே படலமாக விரிந்து நிற்கும். எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். 'தண்ணி உடையுது' என்போம். உடைந்தால் மறுபடி சோடாவிலிருந்து ஆரம்பம்.

அம்மாவுக்கு விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. நிக்கல் அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பாள். அந்த எண்ணெய்க் கையோடு பக்கிளைத் தொட்டுவிட்டால் நைனா கத்துவார்.

தமிழில் முலாம் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. 'எல்லாம் முலாம் பூச்சு' என்றால் போலி என்று பொருள். யாராவது விளையாட்டுக்கு அப்படிச் சொன்னாலும் நைனாவுக்குக் கோபம் வரும். "ஏமாத்தறதுக்குப் போடறது தங்க முலாம். காப்பாத்தறதுக்குப் போடறது நிக்கல். ரெண்டும் ஒண்ணாய்யா?" என்பார். படிப்பு, பயிற்சி, அரசாங்க வேலை என்று நான் வீட்டை விட்டுப் போன பிறகும் இந்த வாக்கியம் என்னோடு வந்தது.

புளியும் போரிக் பவுடரும்

எனக்கு ஒதுக்கியிருந்த பிரசவக் கருவிகளில் ஒரே ஒரு கத்தரிக்கோல்தான் தொப்புள்கொடி வெட்ட ஏற்றது. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலேயே அதன் பழைய பூச்சு உரிந்துபோயிருந்தது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் கொதிக்க வைக்க வைக்கத் துரு ஏறியது. தேய்த்தால் போகும், மறுநாள் வரும். துரு அரித்த குழிகளில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புதியது கேட்டிருந்தேன். வரும் என்றார்கள்.

அதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வாணியம்பாடிக்குப் போனபோது நைனாவிடம் நிக்கல் உப்பும் ஒரு துண்டுத் தகடும் வாங்கி வந்தேன். போரிக் பவுடர் நிலையத்திலேயே இருந்தது. கண் கழுவ வைத்திருப்போம், முலாம் தண்ணீருக்கும் அதேதான் சேர்க்க வேண்டும். ஆசிட்டைப் பேருந்தில் கொண்டுவரப் பயந்து, புளிக் கரைசலில் கத்தரிக்கோலை ஊறப் போட்டேன். மலைப்புளி துருவை நன்றாகவே தின்றது.

நடு ஆணியைக் கழற்றி இரண்டு பாதிகளையும் தனித்தனியே தொங்கவிட்டேன். ஜாடியை வெந்நீர்க் குண்டானில் உட்கார வைத்து, அடிக்கடி திருப்பிவிட்டேன். இல்லாவிட்டால் குமிழி ஒட்டிய இடம் புள்ளி புள்ளியாக நின்றுவிடும். சாயங்காலம் எடுத்துத் துடைத்தபோது சோற்றுக் கஞ்சியில் லேசாக மஞ்சள் கலந்த மாதிரி ஒரு வெண்மை. பிறகு பல தடவை கொதிக்க வைத்துப் பார்த்தேன். எங்கும் உரியவில்லை. விளிம்பைத் தீட்டி, துணியை வெட்டிப் பார்த்தேன். சிக்காமல் ஓடியது.

எனக்கு இருந்த கர்வத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஈச்சங்காட்டில்

சில நாட்கள் கழித்து, காலை வெயில் ஏறும் நேரத்தில், ஈச்சங்காட்டிலிருந்து ஆள் வந்தது. ராணிக்கு வலி. நானும் பச்சையம்மாவும் பையை எடுத்துக்கொண்டு நடந்தோம்.

ராணியைப் பற்றி வழியில் பச்சையம்மா சொன்னாள். இது இரண்டாவது. முதல் குழந்தை ஆண். நான் மலைக்கு வருவதற்கு முன்பு பிறந்தது. பிறந்து சில நாட்களில் பால் குடிப்பதை விட்டது. வாய் திறக்க வரவில்லை. உடம்பு வில்லாக வளைந்து, வாரம் முடிவதற்குள் போய்விட்டது.

"கொடிய எதுல வெட்டினாங்க?"

"அருவாளுலதான். வேற எதுல?"

எனக்குப் போதுமான பதில் அது. மண்ணும் சாணமும் பட்ட அரிவாளில் வெட்டிய கொடி வழியாக வருகிற டெட்டனஸ் நோயில் தாடைதான் முதலில் இறுகும். ராணிக்குத் தடுப்பூசி போட நான் போனபோதெல்லாம் அவள் காட்டில் இருந்தாள். ஆகவே இந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே காவல், கொதித்த கத்தரிக்கோல்.

ராணியின் மாமியார் குப்பம்மா வீட்டு முன்னால் அடுப்பு மூட்டிக் கொடுத்தாள். ஒடிசலான, அதிகம் பேசாத பெண். கருவிகளைக் குண்டானில் போட்டேன். தண்ணீர் கொதித்ததும் குனிந்து பார்த்தாள்.

"இது இன்னா?"

"கத்திரி. கொடி வெட்டறதுக்கு."

"பச்சையம்மா பொண்ணுக்கு வெட்டினியே, அந்தக் கத்திரி எங்க?"

"அதேதான் இது. முலாம் பூசியிருக்கேன்."

"அது இரும்பு. இது வெள்ளி மாதிரி இக்குது. இது வோணாம்."

அவள் உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்ததற்கும் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்பது மலையில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. வாணியம்பாடியில் அக்கா பிரசவத்துக்கு வந்தபோது அம்மா தலைமாட்டில் பாக்குவெட்டி வைத்தாள். கடல் தாண்டிய தேசங்களிலும் இப்படி நம்பினார்கள் என்று பிற்பாடு படித்திருக்கிறேன். ஆனால் கொடியை அறுப்பதும் இரும்பாக இருக்க வேண்டும், அறுத்த இரும்பே காவலுக்கும் கிடக்க வேண்டும் என்பதை ஈச்சங்காட்டில்தான் தெரிந்துகொண்டேன். என் துருப்பிடித்த கத்தரிக்கோலை இத்தனை வீடுகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அதன் துருவே அதற்குச் சிபாரிசு.

பையில் புது பிளேடு இருந்தது. அதைப் பிரித்துக் காட்டினேன்.

"கருமாதிக்கு மொட்ட அடிக்கற சாமானா எங்க கொயந்தைக்கு?" என்றாள் குப்பம்மா.

"குப்பம்மா, மேலதான் வெள்ள. உள்ள இரும்புதான். நானே பூசினது, எனக்குத் தெரியாதா?"

"உள்ள இக்குதுன்னு உனுக்குத் தெரியும். நீ சொன்னா எனுக்கும் தெரியும். வர்றதுக்குத் தெரியுமா?"

வர்றது எது என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பச்சையம்மா என்னைப் பார்த்து, "அது கேக்கறதும் நாயந்தான் நர்சம்மா" என்றாள்.

"நீ யாரு பக்கம்?"

"நா உம்பக்கந்தான். நாயம் அது பக்கம் இக்குது."

உள்ளே ராணி, "அத்த, எதுலயாவது வெட்டுங்க, சண்ட போடாதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மலையில் நான் கேட்ட அபூர்வமான 'ங்க' அது. படவேட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

கல்லில் தேய்த்தது

அதட்டியிருக்கலாம். என் வேலையில் அதட்டலுக்கு இடம் உண்டு. ஆனால் நான் வெட்டிவிட்டுப் போன பிறகு, அவள் மனசு கேட்காமல் கொடியின் மிச்சத்தை அரிவாளால் மறுபடி தொட்டால்? காவல் இல்லாத பிள்ளை என்று பயந்து எதையாவது அரைத்துத் தொப்புளில் அப்பினால்? வெட்டுவது ஒரு நொடி. அதற்குப் பின்னால் ஒரு வாரம் முழுவதும் குழந்தை அவள் கையில்தான் இருக்கும்.

வாசலில் அரிவாள் தீட்டுகிற கல் கிடந்தது. கத்தரிக்கோலை இடுக்கியால் எடுத்து, ஆறவிட்டு, கட்டை விரல் நுழைகிற வளையத்தின் வெளிப்பக்கத்தை அந்தக் கல்லில் வைத்துத் தேய்த்தேன்.

முலாம் உடனே போகவில்லை. நன்றாகப் பூசியிருந்தேன். அந்த நேரத்தில் அதற்காக வருத்தமும் பெருமையும் சேர்ந்து வந்தன. தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தேன். முதலில் மங்கியது. பிறகு வெள்ளைக்கு நடுவில் கறுத்த ஒரு கோடு தெரிந்தது. கோடு அகன்று, புளியங்கொட்டை அளவுக்கு வெற்று இரும்பு வெளியே வந்தது.

குப்பம்மாவிடம் நீட்டினேன். அவள் கண்ணால் பார்த்துத் திருப்தி அடையவில்லை. விரலை எச்சிலில் நனைத்து, அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். மறுபடி தேய்த்து, மறுபடி முகர்ந்தாள்.

"இரும்பு வாசம் வர்து" என்றாள். அரிவாளை எடுத்துக் கூரையில் செருகினாள்.

கத்தரிக்கோலை அலம்பி மறுபடி குண்டானில் போட வேண்டியிருந்தது. அது கொதித்து முடிவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். கொடிக்கு அவசரம் இல்லை. துடிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு நூலால் இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் வெட்டினேன். குப்பம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. வளையத்தில் தெரிந்த அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டிய கத்தரிக்கோலைத் துடைத்து, அவளே ராணியின் பாய்க்கு அடியில் வைத்தாள். "தீட்டு நாளு முடியட்டும், தர்றேன்" என்றாள். என்னிடம் வேறு கத்தரிக்கோல் இல்லை. இருந்தாலும் தலையாட்டினேன். தொப்புளில் எதையும் வைக்கக் கூடாது, சாம்பலும் கூடாது, எதுவுமே கூடாது என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டேன். "காவலுக்குத்தான் இரும்பு இக்குதே, வேற இன்னாத்துக்கு?" என்றாள்.

நைனாவின் வழக்கு

அந்த வாரமே மாதக் கூட்டத்துக்காகக் கீழே இறங்க வேண்டியிருந்தது. அப்படியே வாணியம்பாடி போய் நைனாவிடம் நடந்ததைச் சொன்னேன். பிரசவத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"தேய்ச்சிட்டியா?" என்றார்.

"ஒரு வளையத்துல மட்டும் நைனா."

"ஒரு வளையம்னா இன்னா? துரு கரையான் மாதிரிம்மா. ஒரு ஓட்ட போதும். அதுல பூந்து அடியிலயே போய் முலாம மொத்தமாத் தூக்கிடும்."

"தூக்கினா மறுபடி பூசிக்கறேன். அடுத்த தடவ அந்த இடத்துல தேன்மெழுகு தடவிட்டு ஜாடில எறக்கலாம்னு இருக்கேன். மெழுகு இருக்கற எடத்துல ஏறாதே."

"ஒரு காதுக்கு மட்டும் கம்மல் போட்டுக்கினு கல்யாணத்துக்குப் போற மாதிரி இக்கும்" என்றார். அம்மா விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டே, "போவட்டுமே, போறது அவதான" என்றாள்.

பின்னாளில் மெழுகு வைத்துத்தான் பூசினேன். மலையை விட்டு வரும்வரை என் கத்தரிக்கோல்கள் எல்லாவற்றிலும் ஒரு வளையம் கறுப்பு. நைனா சொன்னபடியே துரு ஏறும். நானும் புளியில் போட்டு எடுத்து மறுபடி பூசுவேன். மேற்பார்வைக்கு வந்த டாக்டர் ஒருவர் இது என்ன என்று கேட்டார். இரும்பு என்றேன். அவர் அடுத்த கருவியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆனால் அந்த வாரம் இதெல்லாம் எதுவும் தெரியாது. பேருந்து மலை ஏறும்போது நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் புத்தகம் கொடுத்த கணக்கு ஒரு வாரம். வாரம் தாண்டிக் குழந்தை பால் குடித்தால் பெரும்பாலும் பிழைத்தது என்று பொருள்.

ராணியின் பாய்

எட்டாம் நாள் ஈச்சங்காட்டுக்குத் தனியாகப் போனேன். வீடு அமைதியாக இருந்தது. குழந்தை வீட்டில் அமைதி நல்லதா கெட்டதா என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. நின்றேன். பிறகு குனிந்து உள்ளே போனேன்.

ராணி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை விழித்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுண்டு விரலை அதன் உதட்டில் வைத்தேன். வாய் திறந்தது. விரலைக் கவ்விக்கொண்டு, அண்ணத்தில் வைத்து அழுத்தி, விடாமல் சப்பியது. விரலை இழுத்தபோது கோபித்துக்கொண்டது. எத்தனையோ குழந்தைகளின் வாயில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த இழுப்பு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.

தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. எதுவும் வைக்கவில்லை. குப்பம்மா வாக்கைக் காப்பாற்றியிருந்தாள்.

மற்றொரு ஊரில் ஒருத்திக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளலாம் என்று பாயின் ஓரத்தைத் தூக்கினேன். வளையத்தின் வெற்று இடத்தில் துரு படர்ந்திருந்தது.

பின்னாலிருந்து குப்பம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடுக்காத."

"எட்டு நாளு ஆச்சே குப்பம்மா. கொயந்த நல்லாத்தான் இருக்கு. பால் நல்லாக் குடிக்குது."

"இன்னும் நாளு இக்குது. எடுக்காத நர்சம்மா." கையை விடவில்லை. ராணி எழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மொதக் கொயந்தைக்கும் அருவா இப்படித்தான் கெடந்துச்சி. பக்கத்து வூட்டுக்காரி தழை வெட்டணும்னு கேட்டா. நாலாம் நாளு. ஒரு நாழிதானன்னு எடுத்துக் குடுத்தது நாந்தான். அன்னிக்குத்தான் அது பால வுட்டுச்சி."

அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவள் சுமந்துகொண்டிருந்தது இதுதான்.

தவறு அரிவாளைக் கொடுத்ததில் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். அரிவாளே காரணம், அதில் வெட்டியதே காரணம் என்று. அந்தக் கொடியை வெட்டியவள் யார் என்று பச்சையம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த வீட்டில் வேறு யார் வெட்டியிருக்க முடியும்?

நான் படித்தது உண்மைதான். அந்த உண்மையை அன்று அவள் கையில் கொடுத்திருந்தால், ஒரு நாழிகை இரவல் கொடுத்த குற்றத்துக்குப் பதிலாக, பேரனைத் தன் கையாலேயே கொன்ற குற்றத்தை அவள் சுமந்திருப்பாள்.

பாயின் ஓரத்தைக் கீழே விட்டேன்.

"நாளு முடியட்டும்" என்றேன். "நானே வந்து வாங்கிக்கிறேன்."

குப்பம்மா மணிக்கட்டை விட்டாள். ராணி எழுந்து குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள். அது சப்புகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.